படம் எந்த இடத்தில் நிற்கிறது? - வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியவை: கம்ப்யூட்டர் பிரவுசரில் வீடியோ ஓடாமல் நிற்பது. எழுதியவர்களில் பலர் ஹிஸ்டரியை அழித்துப் பார்த்துவிட்டார்கள், பிரவுசரை நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்துவிட்டார்கள். ஒருவர் விண்டோஸையே புதிதாகப் போட்டிருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு வீடியோ நம் கண்ணுக்கு வர நான்கு வேலைகள் நடந்தாக வேண்டும். இணையம் வழியே துண்டு துண்டாக வந்து சேர வேண்டும். நகலெடுக்க முடியாதபடி தளம் பூட்டியிருந்தால் பூட்டைத் திறக்க வேண்டும். சுருக்கி வைத்திருப்பதை விரிக்க வேண்டும். விரித்ததைத் திரைக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்ப வேண்டும். இவற்றில் எது நின்றது என்று தெரிந்துகொண்டால் மற்ற மூன்றிலும் கை வைக்கத் தேவையில்லை.

ஒரு சிறு குறிப்பு: பதில்களில் 'குரோம்://காம்பொனன்ட்ஸ்' என்பது போல வரும் முகவரிகளை அட்ரஸ் பாரில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: பணம் கட்டிப் பார்க்கும் ஓடிடி தளத்தில் டிரெய்லர் ஓடுகிறது, படம் ஓடுவதில்லை. வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஏதோ ஒரு எரர் எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. யூடியூப் நன்றாக ஓடுகிறது. அதே கணக்கில் போனில் படம் வருகிறது. கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: டிரெய்லர் ஓடுகிறது, படம் ஓடவில்லை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. டிரெய்லருக்குப் பொதுவாகப் பூட்டு கிடையாது, படத்துக்கு உண்டு. இணைய வேகம், ஸ்பீக்கர், திரை எல்லாம் சரியாக இருப்பதை யூடியூப் காட்டிவிட்டது. கணக்கில் தவறில்லை என்பதைப் போன் காட்டிவிட்டது. மிச்சம் இருப்பது பூட்டைத் திறக்கும் வேலை மட்டுமே.

குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த வேலையைச் செய்வது வைட்வைன் என்ற சிறு மென்பொருள். 2010-ல் கூகுள் வாங்கிய நிறுவனத்தினுடையது. பிரவுசர் புதிதாக இருந்தாலும் வைட்வைன் தனியாகத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அந்தப் புதுப்பிப்பு பாதியில் நின்றுபோனால் உங்களுக்கு வந்த கோளாறு வரும். நெட்ஃபிளிக்ஸில் இதே கோளாறு எம்7701-1003 என்ற எண்ணுடன் தெரியும். மற்ற தளங்கள் வேறு எண் வைத்திருக்கும், சேதி ஒன்றுதான்.

'குரோம்://காம்பொனன்ட்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். நீளமான பட்டியலில் 'வைட்வைன் கன்டென்ட் டிக்ரிப்ஷன் மாட்யூல்' என்ற வரியைத் தேடி, 'செக் ஃபார் அப்டேட்' பட்டனை அழுத்துங்கள். பதிப்பு எண் 0.0.0.0 என்று இருந்தால் அது இன்னும் இறங்கவே இல்லை என்று பொருள். புதுப்பித்த பிறகு குரோமை முழுவதுமாக மூடித் திறந்தால்தான் பலன் தெரியும். டேப்பை மட்டும் மூடினால் போதாது.

அந்தப் பட்டன் எரர் காட்டினால், குரோமை மூடிவிட்டு, விண்டோஸில் 'ஆப் டேட்டா' ஃபோல்டரில் இருக்கும் 'லோக்கல்' ஃபோல்டருக்குள் கூகுள், குரோம், யூசர் டேட்டா என்று வரிசையாகப் போய், 'வைட்வைன்சிடிஎம்' என்ற ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். பக்கத்தில் இருக்கும் 'டிஃபால்ட்' ஃபோல்டரைத் தொட்டுவிடாதீர்கள். உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. குரோமைத் திறந்து மறுபடி 'செக் ஃபார் அப்டேட்' அழுத்தினால் புதிதாக இறங்கும்.

இன்னொரு இடத்தையும் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', அதன் அடியில் 'அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ்', அதற்குள் 'புரொடெக்டட் கன்டென்ட் ஐடிஸ்'. அங்கே தளங்கள் பாதுகாக்கப்பட்ட வீடியோவை ஓட்டலாம் என்ற தேர்வு இருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸின் 'ஜெனரல்' பக்கத்தில் 'பிளே டிஆர்எம்-கன்ட்ரோல்டு கன்டென்ட்' என்பதற்கு டிக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிஆர்எம் என்பது இந்தப் பூட்டின் பெயர்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். தளம் தரும் சாவிக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் காலக்கெடு உண்டு. தேதி ஓராண்டு பின்தங்கி இருந்தால் இரண்டுமே செல்லாது. டெஸ்க்டாப்பில் கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை. வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

விண்டோஸ் 7 அல்லது 8.1 வைத்திருந்தால் விஷயம் வேறு. அவற்றுக்குக் கிடைத்த கடைசிக் குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் அந்த விண்டோஸ்களுக்குக் கிடையாது. பழைய ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஒரு தேதி உண்டு. அதன் மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14-ல் காலாவதியானது. 128-க்கு முந்திய பதிப்புகளிலும், நீண்டகால ஆதரவு வரிசையில் 115.13-க்கு முந்தியவற்றிலும் ஆட்-ஆன்களும் பூட்டிய வீடியோவும் கோளாறாகும். அங்கே பிரவுசரைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

கேள்வி: எந்தக் கோளாறு என்றாலும் 'கேஷ், குக்கீ எல்லாவற்றையும் அழி' என்கிறார்கள். அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கிறது. அவசியம்தானா?
- ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தும் வேலை. முதலில் அதே வீடியோவை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். அங்கே பழைய குக்கீ கிடையாது. நீங்களாக அனுமதி கொடுக்காதவரை எக்ஸ்டென்ஷன்களும் ஓடாது. அங்கேயும் ஓடவில்லை என்றால் குக்கீயை அழிப்பது வீண்; கோளாறு வேறெங்கோ.

இன்காக்னிட்டோவில் ஓடினால் காரணம் எக்ஸ்டென்ஷன் அல்லது அந்தத் தளத்தின் குக்கீ. எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். விளம்பரத் தடுப்பான்கள்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. விளம்பரம் வரும் முகவரியைத் தடுக்கப்போய், வீடியோ துண்டு வரும் முகவரியையும் சேர்த்து மறித்துவிடும். வீடியோ வேகத்தை மாற்றுபவை, பக்கத்தைக் கறுப்பாக்குபவை, விபிஎன் எக்ஸ்டென்ஷன்கள் அடுத்த வரிசை. நெட்ஃபிளிக்ஸில் எம்7111-5059 என்று வந்தால் விபிஎன் அல்லது பிராக்ஸி வழியே வருகிறீர்கள் என்று அது நினைக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி திறக்க வேண்டியதுதான்.

எக்ஸ்டென்ஷன் மேல் தவறில்லை என்றால், அட்ரஸ் பாரின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தைத் தட்டி, 'குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா' வழியே போய், அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்குங்கள். மற்ற தளங்களில் லாகின் அப்படியே இருக்கும்.

கேள்வி: எரர் எண்களுக்கெல்லாம் ஒரே பட்டியல் கிடைக்குமா?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: கிடைக்காது. ஒவ்வொரு தளமும் தனக்கென எண் வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த எண்களுக்கு அடியில் பிரவுசரின் வீடியோ பகுதி சொல்லும் எண்கள் நான்கே நான்கு. 1 என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. 2 என்றால் நெட்வொர்க் அறுந்தது. 3 என்றால் வந்து சேர்ந்தது, விரிக்க முடியவில்லை. 4 என்றால் இந்த வகை ஃபைல் தெரியாது, அல்லது கொடுத்த முகவரியில் வீடியோவே இல்லை. எஃப்12 அழுத்தி 'கன்சோல்' பகுதியைப் பார்த்தால் பல தளங்களில் இது தெரியும்.

அதே ஜன்னலில் 'நெட்வொர்க்' பகுதியும் இருக்கிறது. அங்கே சிவப்பில் 404 என்றிருந்தால் வீடியோ அந்த இடத்தில் இல்லை. 403 என்றால் தர மறுக்கிறது. 5-ல் தொடங்கும் எண் என்றால் கோளாறு அவர்கள் சர்வரில். கடைசி வகைக்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

கேள்வி: படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் தொடர்ந்தால் சிறிது ஓடி எரர் வருகிறது. பக்கத்தை ரீலோடு செய்தால் சரியாகிவிடுகிறது. ஏன்?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: முந்தைய பதிலில் சொன்ன 403 தான். வீடியோ துண்டுகளுக்குத் தளம் தரும் முகவரியில் காலக்கெடு பொதிந்திருக்கும். பஃபரில் ஏற்கெனவே இறங்கியது ஓடும். அடுத்த துண்டு கேட்கும்போது 'சீட்டு காலாவதி' என்று மறுப்பு வரும். ரீலோடு செய்தால் புதுச் சீட்டு கிடைக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை.

கேள்வி: எங்கள் கல்லூரி அரங்கில் லேப்டாப்பை புரொஜெக்டரில் இணைத்தால் யூடியூப் வருகிறது. ஓடிடி தளத்தின் ஆவணப்படம் மட்டும் குரல் கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது. லேப்டாப் திரையில் தனியாகப் போட்டால் சரியாக வருகிறது.
- ஒரு பேராசிரியர், மதுரை

பதில்: உங்கள் புரொஜெக்டர் நீலநிற, மூன்று வரிசை ஊசி கொண்ட விஜிஏ கேபிளில் இணைகிறதா? அப்படியென்றால் காரணம் அதுதான். பூட்டிய வீடியோ கம்ப்யூட்டரிலிருந்து திரைக்குப் போகும் கேபிளிலும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்று தளம் கேட்கலாம். எச்டிசிபி என்பது அந்தப் பாதுகாப்பின் பெயர். எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இரண்டிலும் அது உண்டு. விஜிஏ பழைய அனலாக் வழி; அதில் எச்டிசிபி கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிறு கன்வெர்ட்டர் போட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். யூடியூபில் சாதாரண வீடியோக்களுக்குப் பூட்டு இல்லாததால் அவை தடையின்றி வருகின்றன.

எச்டிஎம்ஐ கேபிளிலேயே இணைத்தும் கறுப்பு வந்தால், நடுவில் இருக்கும் ஸ்பிளிட்டர், நீளம் கூட்டும் எக்ஸ்டென்டர், யுஎஸ்பி டாக் ஆகியவற்றை விலக்கி, லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்கு ஒரே கேபிளில் கொடுத்துப் பாருங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி எச்டிசிபி அறியாததாக இருந்தாலும் முழுச் சங்கிலியும் தோற்கும். லேப்டாப் திரை, புரொஜெக்டர் இரண்டிலும் ஒரே காட்சியைக் காட்டும் 'டூப்ளிகேட்' முறையில் லேப்டாப் திரையும் சேர்ந்து கறுப்பாவது இதனால்தான். என்விடியா கிராஃபிக்ஸ் இருந்தால் அதன் கன்ட்ரோல் பேனலில் 'வியூ எச்டிசிபி ஸ்டேட்டஸ்' என்ற பக்கம், இணைத்த திரைக்கு அந்தப் பாதுகாப்பு உண்டா என்று நேராகச் சொல்லிவிடும். எல்லாத் தளங்களும் கறுப்புத் திரை காட்டுவதில்லை; சில எரர் தரும், சில சத்தமில்லாமல் தெளிவைக் குறைத்துவிடும்.

ஆன்லைன் வகுப்பில் ஸ்கிரீன் ஷேர் செய்யும்போதும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போதும் படம் இருக்கும் இடம் மட்டும் கறுப்பாவது இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கேட்காமல் ஒன்று சொல்லிவைக்கிறோம்: வீட்டுச் சந்தாவில் அரங்கில் போட்டுக் காட்ட அந்தத் தளத்தின் விதி இடம் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆவணப்படங்களுக்குக் கல்விக்கூடத் திரையிடல் அனுமதி தனியாகவே உண்டு.

வெளித்திரை எதுவும் இணைக்காமலே குரல் மட்டும் வந்து படம் கறுப்பாகவோ பச்சையாகவோ தெரிபவர்களுக்கு வைத்தியம் வேறு. அங்கே சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல். குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியில் 'யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் வென் அவெய்லபிள்' என்பதை அணைத்து, பக்கத்தில் தோன்றும் 'ரீலாஞ்ச்' பட்டனை அழுத்துங்கள். படம் வந்துவிட்டால் குற்றவாளி டிரைவர்தான். ஆனால் அணைத்தபடியே விட்டுவிடாதீர்கள். வீடியோவை விரிக்கும் வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழும், லேப்டாப் சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவோ, அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புது டிரைவர் போட்டுவிட்டு மறுபடி இயக்கிவிடுங்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்டிலும் அந்த வேகம் வருகிறது. இருந்தும் பழைய லேப்டாப்பில் யூடியூப் 1080பி விட்டு விட்டு ஓடுகிறது. ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். இணைப்பை மாற்றலாமா, லேப்டாப்பை மாற்றலாமா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டையும் மாற்றுமுன் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் மூன்று வரி போதும்.

'பஃபர் ஹெல்த்' என்பது இன்னும் எத்தனை விநாடிக்கான படம் கையிருப்பில் உள்ளது என்று சொல்கிறது. படம் தடுமாறும் நேரத்தில் அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் குற்றம் இணைப்பில். இருபது, முப்பது விநாடி கையிருப்பு இருந்தும் படம் தடுமாறினால் இணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இலையில் சோறு இருக்கிறது, சாப்பிடத்தான் முடியவில்லை. அப்போது 'ஃபிரேம்ஸ்' வரியைப் பாருங்கள். 'டிராப்டு' என்று போட்டிருக்கும் எண் விநாடிக்கு விநாடி ஏறும். விரிக்க நேரம் போதாமல் கம்ப்யூட்டர் வீசி எறிந்த காட்சிகளின் எண்ணிக்கை அது. ஒரு நிமிடத்தில் நாலைந்து போனால் கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கில் போனால் தெரியும்.

மூன்றாவது வரி 'கோடெக்ஸ்'. வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். உங்கள் விடை பெரும்பாலும் இங்கேதான். ஏவிசி1 என்று தொடங்கினால் எச்.264, பல ஆண்டுகளாக வந்த எல்லா லேப்டாப்பிலும் அதை விரிக்கத் தனிச் சர்க்யூட் கிராஃபிக்ஸ் சிப்பில் உண்டு. விபி09 என்றால் விபி9. இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் அதற்கு முழு வசதி. ஏவி01 என்றால் ஏவி1. இன்டெல்லில் பதினோராம் தலைமுறை, என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை தொடங்கிக் கிடைக்கிறது. உங்கள் ஐந்தாம் தலைமுறை சிப்புக்கு ஏவி1 வீடியோ வந்தால் பிராசஸரே முழுக்கக் கணக்குப் போட்டு விரிக்க வேண்டும். டேட்டா குறைவாகச் செலவாகும், பிராசஸர் அதிகமாக உழைக்கும். புது கோடெக்குகளின் குணம் அது.

செய்ய வேண்டியது: யூடியூப் கணக்கின் செட்டிங்ஸில் 'பிளேபேக் அண்ட் பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் ஏவி1 பற்றிய தேர்வு இருக்கும். அதைக் குறைந்த தெளிவான 'எஸ்டி'க்கு மட்டும் என்று வைத்தால் எச்டி வீடியோ பழைய கோடெக்கில் வரும். அப்படியும் விபி9 கனமாக இருந்தால் 'எச்264ஃபை' என்ற எக்ஸ்டென்ஷன், தளம் எச்.264 மட்டுமே அனுப்பும்படி செய்துவிடும். யூடியூப் எச்.264-ல் 1080பிக்கு மேல் தருவதில்லை. உங்கள் திரைக்கு அதுவே போதும்.

போட்ட பிறகு சரிபார்க்க விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'ஜிபியூ' பக்கத்தைத் திறந்து வையுங்கள். வீடியோ ஓடும்போது 'வீடியோ டிகோட்' கோடு அசைந்தால் சிப் வேலை செய்கிறது. அது தரையில் கிடக்க, சிபியூ 90 சதவீதத்தைத் தாண்டினால் இன்னும் பழைய நிலைதான். 'குரோம்://ஜிபியூ' பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்ற வரியில் 'ஹார்டுவேர் ஆக்ஸிலரேட்டட்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று: தர மெனுவில் 1080பி60 என்றிருந்தால் விநாடிக்கு 60 காட்சி, வேலை இரட்டிப்பு. கிரிக்கெட்டுக்கு அது அழகு. சமையல் வீடியோவுக்கு 480பி வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

பஃபர் ஹெல்த்தான் காலியாகிறது என்றால்? ஒரு 1080பி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பது 5 எம்பிபிஎஸ், 4கே என்றாலும் 15. ஆகவே 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக்கிப் பயனில்லை. ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் லேன் கேபிள் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கேபிளில் சரியாக ஓடினால் கோளாறு வைஃபையில். அடுக்குமாடியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பக்கத்து வீட்டு ரௌட்டர்களால் நெரிசலாக இருக்கும்; 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அது சுவரைத் துளைப்பதில் பலவீனம் என்பதால் ரௌட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்க வேண்டும்.

கேள்வி: 4கே சேர்ந்த உயர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். 4கே மானிட்டரும் உண்டு. குரோமில் படம் அவ்வளவு தெளிவாக இல்லையே?
- ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: நெட்ஃபிளிக்ஸ் என்றால், படம் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். எந்தத் தெளிவில் ஓடுகிறது என்று எழுத்தாக வரும். விண்டோஸில் குரோமுக்கு அது 4கே தருவதில்லை. குரோமில் பூட்டு மென்பொருள் அளவில் திறக்கப்படுகிறது. 4கே தர, சிப்புக்குள்ளேயே திறக்கும் ஏற்பாட்டைத் தளங்கள் கேட்கின்றன. விண்டோஸில் எட்ஜ் பிரவுசரில், மைக்ரோசாஃப்டின் பூட்டு முறையான பிளேரெடி வழியே அது கிடைக்கிறது. எட்ஜில் போட்டுப் பாருங்கள். அதோடு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சிறு தொகைக்குக் கிடைக்கும், எச்இவிசி என்ற கோடெக்குக்கான எக்ஸ்டென்ஷன் வேண்டும்; மானிட்டரும் கேபிளும் எச்டிசிபி 2.2 தாங்க வேண்டும். இரண்டு மானிட்டர் இணைத்திருந்தால் பழையதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: 'ஆடியோ ரெண்டரர் எரர்' என்று வந்து வீடியோவே நின்றுவிடுகிறது. படத்துக்கும் ஆடியோவுக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பிரவுசரில் படம் ஒலியின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஒலிக்கு வழி அடைபட்டால் படமும் நிற்கும். ஹெட்போனை உருவிய கணத்திலோ, ப்ளூடூத் அறுந்த கணத்திலோ, வேறொரு மென்பொருள் சவுண்ட் கார்டைத் தனக்கே என்று பிடித்துக்கொண்டாலோ இது வரும். ஹெட்போனைக் கழற்றி மாட்டிப் பக்கத்தை ரீலோடு செய்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் ஆடியோ கருவியை 'டிஸேபிள்' செய்து மறுபடி 'எனேபிள்' செய்யுங்கள். அடிக்கடி வருகிறது என்றால் ஒலிக்கருவியின் பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'எக்ஸ்க்ளூசிவ்' என்று தொடங்கும் அனுமதியை எடுத்துவிட்டு, 192000 ஹெர்ட்ஸ் போன்ற உச்ச அளவு இருந்தால் 48000-க்கு இறக்குங்கள்.

கேள்வி: பாரிஸில் வாங்கிய புது லேப்டாப். ஃபயர்ஃபாக்ஸில் யூடியூப் வருகிறது. செய்தித் தளங்களின் வீடியோ வருவதில்லை, ஆதரிக்கும் ஃபார்மட் இல்லை என்கிறது. குரோமில் எல்லாமே வருகிறது.
- ஒரு வாசகர், பிரான்ஸ்

பதில்: செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபௌட்' பக்கத்துக்குப் போய் விண்டோஸ் எடிஷனைப் படியுங்கள். பெயருக்குக் கடைசியில் 'என்' என்ற ஒற்றை எழுத்து நிற்கிறதா? ஐரோப்பிய ஆணையம் 2004-ல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தந்த தீர்ப்பால் பிறந்த பதிப்பு அது. மீடியா பிளேயரும் அதைச் சார்ந்த கோடெக்குகளும் அதில் இருக்காது. ஃபயர்ஃபாக்ஸ் எச்.264 வீடியோவுக்கு விண்டோஸின் கோடெக்கைக் கடன் வாங்குகிறது. குரோம் தன்னுடையதைத் தானே கொண்டுவருகிறது. யூடியூப் தரும் விபி9, ஏவி1 இரண்டும் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் அது மட்டும் தப்பித்தது.

செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, பட்டியலில் 'மீடியா ஃபீச்சர் பேக்' என்பதைச் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இலவசம்தான். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு வீடியோ மறுபடி நின்றால் அதை இன்னொரு முறை போட வேண்டியிருக்கலாம்.

கேள்வி: எங்கள் பள்ளி இணையதளத்தில் ஆண்டுவிழா வீடியோ ஏற்றினோம். ஐபோனில் எடுத்தது. எனக்கு ஓடுகிறது, பெற்றோர் சிலருக்கு ஒலி மட்டும் வருகிறது, சிலருக்கு நீண்ட நேரம் சுற்றுகிறது. அதே பக்கத்தில் ஒட்டிய யூடியூப் வீடியோவும் 'எரர் 153' காட்டுகிறது.
- ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒரே பக்கத்தில் கூடியிருக்கின்றன.

ஒலி மட்டும் வருவது கோடெக்கால். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்இவிசி முறையில் பதிவு செய்கின்றன. குரோமுக்கு 2022-ல் வந்த 107-ம் பதிப்பிலிருந்துதான் அது ஓடும், அதுவும் சிப்பில் வசதி இருந்தால். விண்டோஸ் ஃபயர்ஃபாக்ஸுக்கு 134-ல்தான் வந்தது. பெற்றோர் எல்லாரிடமும் புதுக் கம்ப்யூட்டரை எதிர்பார்க்க முடியாது. எச்.264-க்கு மாற்றிவிடுங்கள்.

நீண்ட நேரம் சுற்றுவது அட்டவணையால். எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு. பல கருவிகள் அதைப் பதிவு முடிந்தபின் கடைசியில் எழுதுகின்றன. பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் இருக்கும் புத்தகம் மாதிரி. பிரவுசர் வால்வரை போய்த் திரும்பி வந்தால்தான் முதல் காட்சியைப் போட முடியும். சர்வர், ஃபைலின் நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் தரும் 'ரேஞ்ச்' கோரிக்கையை ஏற்காவிட்டால் முழு ஃபைலும் இறங்கியாக வேண்டும். சஃபாரி அப்படிப்பட்ட சர்வரிலிருந்து வீடியோவை ஓட்டவே மறுக்கும்.

இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற அமைப்பைத் தேர்ந்து, ஃபார்மட் எம்பி4 என்று வைத்து, 'வெப் ஆப்டிமைஸ்டு' கட்டத்தில் டிக் போட்டு மாற்றுங்கள். கோடெக், அட்டவணை இரண்டும் ஒரே மாற்றத்தில் சரியாகிவிடும். அடுத்த விழாவுக்கு ஐபோனில் 'கேமரா', 'ஃபார்மட்ஸ்' பகுதியில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துவிட்டு எடுங்கள்.

எரர் 153 வீடியோவின் தவறே அல்ல. தன்னை ஒட்டியிருக்கும் பக்கம் எது என்று யூடியூப் பிளேயர் கேட்கிறது. உங்கள் தளம் சொல்ல மறுக்கிறது. சர்வரிலோ பக்கத்திலோ 'ரெஃபரர் பாலிசி' என்பது 'நோ-ரெஃபரர்' என்று இருக்கும். அதை 'ஸ்ட்ரிக்ட்-ஆரிஜின்-வென்-கிராஸ்-ஆரிஜின்' என்று மாற்றச் சொல்லுங்கள்; ஒட்டிய ஐஃபிரேமிலும் அதே பாலிசியை எழுதலாம். சர்வரில் ஏற்றுமுன் எச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்து பார்த்தாலும் 153 வரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். 101 அல்லது 150 வந்தால் மட்டும் உங்களால் சரிசெய்ய முடியாது. வீடியோவின் உரிமையாளர் வேறு தளத்தில் ஒட்ட அனுமதி தரவில்லை.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் குரோமியம் பாவிக்கிறேன். யூடியூப் வேலை செய்கிறது. கட்டணத் தளங்கள் ஒன்றும் வேலை செய்வதில்லை.
- ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: குரோமியம் வேறு, குரோம் வேறு. குரோமியம் திறந்த மூலநிரல்; வைட்வைன் மூடிய மென்பொருள் என்பதால் அதில் சேர்ந்து வருவதில்லை. ஈரோட்டு வாசகிக்குச் சொன்ன 'காம்பொனன்ட்ஸ்' பக்கத்தில் தேடினாலும் உங்களுக்கு அந்த வரி கிடைக்காது. கூகுள் தளத்திலிருந்து குரோமின் டெப் பொதியை இறக்கி நிறுவுங்கள், அல்லது உபுண்டுவோடு வரும் ஃபயர்ஃபாக்ஸிலேயே கட்டணத் தளத்தைத் திறங்கள். மேலே ஒரு பட்டை தோன்றி டிஆர்எம்மை இயக்கட்டுமா என்று கேட்கும். 'எனேபிள் டிஆர்எம்' அழுத்தி, வைட்வைன் இறங்க ஒரு நிமிடம் விட்டு, பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். கணினி 32 பிட் லினக்ஸ் என்றால் குரோமுக்கு வழியில்லை. அதற்கான ஆதரவை கூகுள் 2016 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது.